பாய்மரம் திரும்பினால் காற்றும் திரும்புமா?

2024 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் மார்செய் நகரக் கடலில் நடந்தன. இந்தியாவிலிருந்து போனவர்கள் இரண்டே பேர். வேலூரில் பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் ஆண்கள் பிரிவில் 18-ஆம் இடம். சென்னையின் நேத்ரா குமணன் பெண்கள் பிரிவில் 21-ஆம் இடம். நம் நாளிதழ்களில் பேச்சு அத்துடன் முடிந்தது. அவர்கள் ஏறிய படகைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. ஐஎல்சிஏ என்ற, முன்பு லேசர் என்று பெயர் பெற்றிருந்த ஒற்றையாள் படகு அது. அதன் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பியோ கயிறோ கிடையாது. தளத்தில் உள்ள குழியில் மரம் செருகி நிற்கும். பாயின் ஓரம் தலையணை உறைபோல் மரத்தின் மேல் மாட்டப்பட்டிருக்கும். பாய் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மரமும் திரும்பும்.

அந்தப் படகில் மின்னணுக் காற்றுமானி வைக்க வகுப்பு விதி இடம் தருவதில்லை. காற்றில் தானாகத் திரும்பும் சின்ன இறகு ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆக, திரும்பும் பாய்மரத்தில் உலக அளவில் போட்டியிட்ட நம்மவர் இருவரும் இந்தக் கட்டுரை எடைபோடப் போகும் கருவி இல்லாமலேயே போட்டியிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கருவி விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

எடைபோடப் போவது இதை: பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, சூரிய ஒளியில் இயங்கி, காற்றின் வேகத்தையும் திசையையும் வயர்லெஸ் வழியாகக் கீழே அனுப்பும் சென்சார்கள். ரேமரீன், கார்மின், பி அண்ட் ஜி போன்ற பெரிய நிறுவனங்களும், ஸ்பெயினின் கலிப்ஸோ, பிரான்சின் எல்சிஜே போன்ற சிறியவையும் இவற்றைச் செய்கின்றன. சிலவற்றில் சுழலும் கிண்ணங்கள் அல்லது விசிறி. சிலவற்றில் அசையும் பாகமே இல்லை, காதுக்குக் கேட்காத ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரத்தைக் கொண்டே காற்றைக் கணக்கிடுகின்றன. திரும்பும் பாய்மரம் உள்ள படகுக்கு இவை துல்லியம் தருமா? கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியே சதுரங்கப்பட்டினம் வரை நீளும் நம் கரையில் படகு வைத்திருப்பவர் இதற்குப் பணம் போடலாமா?

மரத்தை ஏன் திரும்பவிடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நிலையாக நிற்கும் மரத்தின் பின்னால் காற்று சுழித்துக் குழம்புகிறது. பாயின் முன்விளிம்பு, அதாவது இழுவிசை அதிகம் பிறக்க வேண்டிய இடம், அந்தக் குழப்பத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மரத்தை நீர்த்துளி வடிவில் செய்து, பாயின் வளைவோடு சேரும்படி திருப்பிவிட்டால் காற்று மரத்திலிருந்து பாய்க்கு வழுக்கிக்கொண்டு போகும். ஐஎல்சிஏ படகின் மரம் உருளை. அது திரும்புவதில் இந்த லாபம் எதுவும் இல்லை. லாபத்தைக் குறிவைத்தே திருப்புவது இரட்டை உடல் படகுகளில்தான்: கடற்கரையிலிருந்து தள்ளி இறக்கும் ஹோபி 16, 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த டொர்னாடோ, இப்போது இருக்கும் நாக்ரா 17, பிறகு பெருங்கடல் ஓடும் மூவுடல் படகுகள்.

இனி கணக்கு. ஓடும் படகில் உள்ளவருக்குப் படும் காற்று வேறு, கடல்மேல் வீசும் காற்று வேறு. படகின் ஓட்டமே ஓர் எதிர்க்காற்றை உண்டாக்கி வீசும் காற்றோடு கலக்கிறது. உச்சியில் உள்ள கருவி அளப்பது படும் காற்றை. வீசும் காற்றைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க முடியும். படகு 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் போகிறது, 15 நாட் காற்று வலப்பக்கம் 30 டிகிரியில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் கடல்மேல் வீசுவது 9 நாட் காற்று, வலப்பக்கம் 56 டிகிரியில். இந்த 56-ஐ வைத்துத்தான் மாலுமி எந்தத் திசையில் போகலாம், எப்போது திரும்பலாம் என்று முடிவெடுக்கிறார்.

இதே படகின் மரம் 35 டிகிரி திரும்பியிருக்கட்டும். காற்றுக்கு எதிராக ஏறும்போது இது சாதாரண அளவுதான். மரத்தின் முன்முனை காற்று வரும் பக்கம் திரும்பும். சென்சாரும் கூடவே திரும்பும். வலப்பக்கம் 30 டிகிரியில் படும் காற்று இப்போது அதற்கு இடப்பக்கம் 5 டிகிரியில் தெரியும். பிழையின் அளவைவிட அது விழும் பக்கம்தான் வேடிக்கை. காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது. கருவி இடப்பக்கம் என்கிறது. இந்த எண்ணை அப்படியே கணக்கில் போட்டால் 9 நாட் காற்று 7 நாட் ஆகிவிடும். 56 டிகிரி வலம், 11 டிகிரி இடம் ஆகிவிடும். கழுத்தைத் திருப்பிக்கொண்டே ‘நேர் எதிரே யாரோ வருகிறார்’ என்று சொல்பவனின் சாட்சி மாதிரி இது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது நமக்குத் தெரியாவிட்டால் சாட்சி பயன்படாது.

ஆகவே துல்லியம் பற்றிய கேள்வி காற்றுமானியிடம் இல்லை. அது மரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணத்தில் இருக்கிறது. சென்சார் அரை டிகிரி துல்லியம் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கலாம். மரத்தின் கோணத்தில் 3 டிகிரி தவறினால், மேலே சொன்ன உதாரணத்தில், வீசும் காற்றின் கோணம் 4 டிகிரிக்கு மேல் தவறும். 10 டிகிரி தவறினால் இங்கே 14 டிகிரி. பிழை கணக்கில் நுழைந்து பெருத்து வெளியே வருகிறது.

வயர்லெஸ்ஸுக்கு இந்தக் கணக்கில் என்ன பங்கு? நேரடியாக எதுவும் இல்லை. கம்பி வழியே வந்தாலும் காற்றில் மிதந்து வந்தாலும் எண் ஒன்றுதான். ஆனால் வயர்லெஸ்ஸுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். திரும்பும் மரத்தில் கம்பி இறக்குவது தலைவலி. மரத்தின் அடியில், ஒவ்வொரு முறை படகு திரும்பும்போதும் அந்தக் கம்பி முறுகி நிமிர்கிறது. உப்புநீர் இணைப்புக்குள் புகுந்து பச்சை பூக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பாய்மரப் படகு நிரந்தரமாகக் கட்டிவைக்கத் தோதான துறைமுகம் இல்லை. மணலில் இருந்து தள்ளி இறக்க வேண்டும். மரத்தை நிறுத்தவும் சாய்க்கவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் கம்பி இணைப்பு அதிக நாள் தாங்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே நம் கரையில் வயர்லெஸ் வேண்டும் என்று வாதிடலாம். அது வசதிக்கான வாதம், நீடிப்புக்கான வாதம். துல்லியத்துக்கான வாதமாக அதை விற்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

மரத்தின் கோணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, மரத்தின் அடியில் ஒரு சுழற்சி அளவியைப் பொருத்துவது. பி அண்ட் ஜி நிறுவனத்தின் எச்5000 போன்ற பந்தயக் கருவிகள் இந்த அளவியின் எண்ணை வாங்கிக் காற்றுக் கோணத்தோடு கூட்டிக்கொள்ளும். நம்பகமான வழிதான். அளவியும் படகின் உடலில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு வகைப் பிழை வரும். இரண்டும் ஒரே மாதிரி ஆபத்தானவை அல்ல.

முதல் வகை, பூஜ்யம் தள்ளியிருப்பது. மரம் நேராக நிற்கும்போது அளவி 3 டிகிரி காட்டுகிறது. அப்படியானால் வலப்பக்கக் காற்றில் 33, இடப்பக்கக் காற்றில் 27 என்று வரும். படகை ஒருமுறை இரு பக்கமும் ஓட்டினாலே ‘ஏன் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய?’ என்று கேட்கத் தோன்றும். பிடிபட்டுவிடும்.

இரண்டாவது வகை நயவஞ்சகமானது. மரம் 35 டிகிரி திரும்பினால் அளவி 32 என்கிறது. மறுபக்கம் 35 திரும்பினாலும் 32. இணைக்கும் நெம்புகோலின் நீளம் சற்று மாறியிருந்தால் போதும், இப்படி ஆகும். இப்போது இரு பக்கமும் படும் காற்று 27 டிகிரி என்றே வருகிறது. அழகான சமச்சீர். பார்ப்பவர் ‘கருவி சரியாக இருக்கிறது’ என்று மூடி வைத்துவிடுவார். ஆனால் வீசும் காற்றின் திசையைக் கணக்கிட்டால், ஒரு பக்கம் ஓடும்போது உண்மையான திசைக்கு 4.6 டிகிரி இடப்புறமும், மறுபக்கம் ஓடும்போது 4.6 டிகிரி வலப்புறமும் விழும். அதாவது படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் காற்று 9 டிகிரி நகர்ந்ததாகக் கருவி காட்டும். அதுவும் எப்போதும் மூக்குக்கு எதிரே வரும் பக்கமாகவே நகரும். ‘திரும்பியது தவறு, மறுபடி திரும்பு’ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அது மாலுமியிடம் சொல்லும். ஐந்து டிகிரி மாற்றத்தைப் பார்த்துப் பந்தயத்தின் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கருவி இல்லாமல் இருப்பதே மேல். திறனாய்வுக் கட்டுரைகளில் ‘இரு பக்கமும் ஒரே எண் வந்தது’ என்று சான்றிதழ் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

புதிய வழி, கம்பியில்லாச் சென்சாருக்குள்ளேயே ஒரு மின்னணுத் திசைகாட்டியை வைத்துவிடுவது. உச்சியில் உள்ள திசைகாட்டி மரம் நோக்கும் திசையைச் சொல்லும். படகின் உடலில் உள்ள திசைகாட்டி படகு நோக்கும் திசையைச் சொல்லும். கழித்தால் மரத்தின் கோணம். அடியில் நெம்புகோல் இல்லை, கம்பி இல்லை. யோசனை புதிதல்ல. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலில் நங்கூரமிட்டு வைத்திருக்கும் மிதவைகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மிதவை நீரோட்டத்திலும் அலையிலும் தன்னிஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் உள்ள காற்றுமானியின் எண்ணோடு அதன் திசைகாட்டியின் எண்ணைக் கூட்டித்தான் காற்றின் திசை கரைக்கு வருகிறது. புயல் அறிவிப்புகளுக்கு நாம் நம்பும் முறை படகுக்கும் பொருந்தும்தானே?

பொருந்தும், ஆனால் மிதவையின் காற்றுமானி நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. அதன் எண்கள் பல நிமிடச் சராசரிகள். படகின் மரம் பத்து மீட்டர் உயரம். மாலுமிக்கு எண் இந்த நொடியே வேண்டும். சின்ன அலையில் படகு முன்னும் பின்னும் 3 டிகிரி ஆடுகிறது, ஓர் ஆட்டத்துக்கு 3 விநாடி என்று வைத்துக்கொண்டால், பத்து மீட்டர் உயரத்தில் உச்சி நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசப்படுகிறது. அது 2 நாட் பொய்க் காற்று. காலை நேரத்தில் 5 நாட் காற்றில் மிதந்துகொண்டிருக்கும் படகுக்கு இது சின்ன எண் அல்ல. அதே ஆட்டத்தின் முடுக்கம் திசைகாட்டியையும் ஏமாற்றும். எது கீழ் என்பதைத் திசைகாட்டி தன் முடுக்கமானியைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. உச்சி வீசப்படும்போது ‘கீழ்’ கணநேரத்துக்கு 13 டிகிரி வரை சாய்ந்துவிட்டதாக அது நினைக்கும். நல்ல கருவிகள் ஜைரோஸ்கோப் என்ற சுழல்மானி வைத்து இதைத் திருத்துகின்றன. மலிவானவை எண்ணைச் சராசரியாக்கி மூடி மறைக்கின்றன.

இங்கேதான் நம் கரைக்குக் கிடைத்திருக்கும் ஓர் அனுகூலத்தைச் சொல்ல வேண்டும். அயல்நாட்டு மதிப்புரை எதிலும் இது இருக்காது. பூமியின் காந்தப் புலம் பிரான்சின் லோரியாங் துறைமுகத்தில், பெருங்கடல் மூவுடல் படகுகளின் தலைநகரில், 60 டிகிரிக்கு மேல் தரைக்குள் சாய்ந்து குத்துகிறது. நம் நாட்டின் தென்முனையிலோ காந்த நடுக்கோடு போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கு அந்தக் கோடுதான் காரணம். மாமல்லபுரத்தில் காந்தப் புலத்தின் சாய்வு சுமார் 9, 10 டிகிரிதான். ஏறக்குறைய தரைக்கு இணை. திசைகாட்டி தன் சாய்வைத் தவறாகப் புரிந்துகொள்ளும்போது, செங்குத்தாகக் குத்தும் புலம்தான் அதைப் பெரிய பிழையாக மாற்றுகிறது. மேலே சொன்ன 13 டிகிரி ஏமாற்றம் லோரியாங்கில், மோசமான திசையில், 20 டிகிரிக்கும் மேற்பட்ட திசைப் பிழையாகும். இங்கே அதே ஏமாற்றம் 2 டிகிரியைத்தான் தரும். ஐரோப்பாவில் எரிச்சலூட்டிய ஒரு வடிவமைப்பு நம் கடலில் ஒழுங்காக வேலை செய்யக்கூடும். இரட்டைத் திசைகாட்டி முறைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான். அந்த 2 டிகிரியும் கணக்கில் நுழைந்தால் 3 ஆகும் என்பதை மறந்துவிட வேண்டாம். படகின் உடலில் உள்ள திசைகாட்டிக்கு அருகே பேட்டரி, எஞ்சின், ஒலிபெருக்கி எதுவும் இருக்கவும் கூடாது.

காலக் கணக்கு இன்னொரு பொறி. படகு திரும்பும்போது மரம் ஒரு பக்கம் 35-இலிருந்து மறுபக்கம் 35-க்கு ஒரு விநாடியில் புரண்டுவிடும், 70 டிகிரி. காற்றுக் கோணமும் மரக் கோணமும் அரை விநாடி முன்பின்னாக வந்து சேர்ந்தால் கூட்டிய எண் அர்த்தமற்றது. வயர்லெஸ்ஸில் இந்தத் தாமதம் கம்பியைவிட அதிகம். மின்சாரத்தைச் சேமிக்க விட்டுவிட்டு அனுப்புவதால் அது நிலையாகவும் இருக்காது. காற்றையும் மரத்தையும் தனித்தனியே சராசரியாக்கிய பிறகு கூட்டும் கருவி திருப்பத்துக்குப் பின் பல விநாடிகள் உளறும். ஒவ்வொரு எண்ணையும் முதலில் திருத்தி, அதன்பின் சராசரியாக்குவதே சரியான வரிசை. திசைகாட்டியும் காற்றுமானியும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கடிகாரம். அங்கே புதிய முறை ஜெயிக்கிறது. படகின் உடலிலிருந்து வரும் திசை மட்டும் தனியே வருகிறது. திருப்பத்தின் நடுவில் படகும் வேகமாகத் திரும்புவதால் அந்த இடைவெளி முழுக்க அடைபடுவதில்லை.

இத்தனையும் சரியாக இருந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு விஷயத்தைக் கருவிக்காரர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. பாய் தனக்கு முன்னாலேயே காற்றை வளைக்கிறது. உச்சியில் அளக்கப்படும் காற்று ஏற்கெனவே பாயால் வளைக்கப்பட்ட காற்று. நிலையான மரத்தில் இதற்கு ஒரு திருத்தப் பட்டியல் போட்டு வைக்கலாம். மரம் திரும்பும்போது முன்னே நீட்டிய சென்சார் தண்டும் பக்கவாட்டில் நகர்ந்து, வளைந்த காற்றின் வேறொரு இடத்துக்குப் போய்விடுகிறது. கோணத்தைத் திருத்தலாம்; சென்சார் நிற்கும் காற்றையே எப்படித் திருத்துவது? தண்டை முன்னே நீட்டாமல் மேல்நோக்கி ஒரு மீட்டர் அளவு உயர்த்தி, மரத்தின் சுழலச்சுக்கு நேர் மேலே வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். பந்தயப் படகுகள் அப்படித்தான் செய்கின்றன. கடையில் விற்கும் வயர்லெஸ் சென்சார்களில் முன்னே நீட்டிய கை கொண்டவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன.

கரையின் காற்றும் தன் பங்குக்கு விளையாடும். தென்மேற்குப் பருவத்தில் காலையில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று. மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று அதைத் தள்ளிக்கொண்டு நுழையும். கடலிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் திருக்கழுக்குன்றத்துக்கு அது வந்து சேர இன்னும் நேரமாகும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் பாதுகாப்புக்காக வானிலைக் கோபுரங்கள் நிறுத்தி இந்தக் கடற்காற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். உயரத்துக்கு உயரம் காற்று மாறும் விதம் அங்கே பாடம். இரண்டு காற்றும் மோதும் நேரத்தில் நீர்மட்டத்தில் ஒன்றும் மர உச்சியில் வேறொன்றும் வீசலாம். அப்போது உச்சியில் உள்ள சென்சார் சொல்வது உண்மைதான், ஆனால் பாயின் கீழ்ப்பாதிக்கு அந்த உண்மை பொருந்தாது.

ரேடியோ, சூரியன் பற்றிச் சுருக்கமாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் புளூடூத் வகைக் கருவிகளுக்கு இங்கே உரிமம் தேவையில்லை. ரேமரீனின் பழைய டாக்டிக் வகை 868 அல்லது 916 மெகாஹெர்ட்ஸில் பேசுவது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது 865 முதல் 868 வரைதான். வெளிநாட்டிலிருந்து நண்பர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரிய ஒளிக்கு நமக்குப் பஞ்சமில்லை. பறவைக்கும் இல்லை. மலைமேல் கழுகு வந்து சோறு உண்டுபோவதைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் ஏறிய தலம் எங்களுடையது. மரத்தின் உச்சியில் காகம் வந்து உட்கார்ந்தால் காட்சி கொடுத்த புண்ணியம் எதுவும் சேராது, சென்சாரின் இறகு வளைந்துபோகும். அசையும் பாகம் இல்லாத ஒலிச் சென்சார் இந்த விஷயத்தில் மேல், அதன் முனையில் மழைத்துளி தங்கும் நேரம் தவிர.

இனி, யாருக்கு இது தேவை என்பது. 2017 டிசம்பரில் பிரான்சுவா கபார் தனி ஆளாக ஒரு பெரிய மூவுடல் படகில் 42 நாள் 16 மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்தார். அவர் கண்ணயர்ந்த நேரமெல்லாம் படகை ஓட்டியது ஆட்டோபைலட். அது பிடித்துக்கொண்டு ஓடியது காற்றின் கோணத்தை. மரம் திரும்பும் அந்தப் படகில் கோணம் தவறினால் படகு கவிழும். அங்கே இந்தத் துல்லியம் உயிர். மறுபுறம், 2022–23 கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்ற நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி, 1968-ஆம் ஆண்டுத் தொழில்நுட்பத்தோடு மட்டுமே போக வேண்டும் என்ற விதிப்படி, மின்னணுக் காற்றுமானி இல்லாமலேயே உலகைச் சுற்றினார். மரம் திரும்பாத படகு, காற்றாலேயே இயங்கும் சுக்கான். இவ்விருவருக்கும் நடுவே எங்கோ இருக்கிறது நம் கரைப் படகு. கபாரைவிட டோமிக்குத்தான் மிக அருகில்.

ஹோபி போன்ற சிறு இரட்டைப் படகு வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பில் தயக்கமே இல்லை: உச்சியில் சென்சார் வேண்டாம். இந்தப் படகுகள் கவிழ்வது வாடிக்கை. கவிழ்ந்தால் உச்சிதான் முதலில் தண்ணீரில் அடிபடும். எட்டு மீட்டர் உயரத்தில் கூடும் ஒவ்வொரு கிராமும் படகை நிமிர்த்துபவரின் முதுகில் ஏறும். இந்தப் படகோட்டிகள் வெகுகாலமாகவே தீர்வைக் கையில் வைத்திருக்கிறார்கள். இரு உடல்களின் முன்முனையிலிருந்து மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் சேரும் இடத்தில் சிறு இறகு ஒன்றைக் கட்டுகிறார்கள். அது படகோடு இருக்கிறது, மரத்தோடு திரும்புவதில்லை. கூட்டலும் கழித்தலும் அதற்கு வேண்டாம். பாய்க்கு வெகு முன்னால் இருப்பதால் வளைந்த காற்றின் தொல்லையும் குறைவு. எண் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஒரு சிறு வயர்லெஸ் ஒலிச் சென்சாரை அதே இடத்தில் பொருத்தலாம். உச்சியைவிடக் காற்று அங்கே சற்றுக் குறைவாகவே காட்டும். ஆனால் கோணம் நம்பக்கூடியது.

ஆட்டோபைலட்டோடு கடலோடும் பெரிய மூவுடல், இரட்டையுடல் படகு உள்ளவர்களுக்கு: திசைகாட்டி உள்ளடங்கிய வயர்லெஸ் சென்சாரை வாங்கலாம், சுழலச்சுக்கு நேர் மேலே தூக்கி வைக்க முடிந்தால். அடியில் சுழற்சி அளவி வைக்க இடமும் பொறுமையும் உள்ளவர் அதையே வைத்துக்கொள்வது இன்னும் உத்தமம். வயர்லெஸ் காற்றுமானியோடு கம்பி போட்ட மரக் கோண அளவியைச் சேர்ப்பதில் தவறே இல்லை. இரண்டில் எதுவும் இல்லாமல், வெறும் வயர்லெஸ் என்ற ஒரே தகுதியோடு திரும்பும் மரத்துக்கு விற்கப்படுவது எதையும் வாங்கக் கூடாது. அதன் எண் துல்லியமாகத் தவறும்.

ஐஎல்சிஏ பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒன்று சொல்லலாம். பணத்தைப் படகின் உச்சியில் போடாதீர்கள். கூடவே போகும் மோட்டார் படகில், திசைகாட்டியோடு சேர்ந்த ஒரு நல்ல கையடக்கக் காற்றுமானி போதும். அங்கே பாய் இல்லை, காற்றை வளைக்க எதுவும் இல்லை. படகை நிறுத்திவிட்டு அளந்தால் படும் காற்றும் வீசும் காற்றும் ஒன்றே.

வாங்குபவர் ஒரே ஒரு சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். சீரான காற்று வீசும் நாளில் முட்டுக்காட்டுக் கழிமுகம் மாதிரி அலையில்லாத இடத்தில் படகை நங்கூரமிட்டு, பாயை இறக்கிவிட்டு, மரத்தைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லத் திருப்புங்கள். திரையில் திருத்தப்பட்ட காற்றுக் கோணம் நகரக் கூடாது. நகர்ந்தால் மரக் கோணத்தின் அளவு விகிதம் தவறு. பிறகு வேகமாகத் திருப்புங்கள். எண் துள்ளிவிட்டு எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று பாருங்கள். மெதுவான சோதனையில் 2 டிகிரிக்குள்ளும், வேகமான சோதனையில் 2 விநாடிக்குள்ளும் நிற்காத கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.